நாற்பத்திரண்டாவது நாற்காலி

பார்லிமெண்ட் தேர்தலுக்கு முந்தின நாள், காலை பத்து மணிக்கு மேட்டுப்பாளையத்தில் என் குடோன் வாசலிலிருந்து வண்டி கிளம்பியது. சின்ன டெம்போ. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் டிரைவர் சின்னச்சாமியும் நானும்.

சங்கத்து மலருக்குப் பயணக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். நம் வாடகை சாமான் சங்கத்தில் காசிக்குப் போனவர்கள் உண்டு, சிங்கப்பூருக்குப் போனவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டு மூன்றாம் வகுப்போடு நின்ற என்னிடம் கேட்டார்கள் என்றால் விஷயம் இல்லாமலா? இரும்பு நாற்காலியைத் தலையில் சுமந்து கல்யாண மண்டபம் மண்டபமாக அலைந்தவன் நான். இன்றைக்கு என்னிடம் நாலாயிரம் நாற்காலி, இரண்டு லாரி, ஒரு டெம்போ. கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி வரைக்கும் எந்தக் கட்சி மேடை போட்டாலும் கீழே ஜனங்கள் உட்காருவது என் நாற்காலியில்தான்.

அதனால் எனக்கு ஒரு வித்தை கைவந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் தலைவர் பின்னால் ஓடுவார்கள். நான் நாற்காலியைப் பார்ப்பேன். ஜெயிக்கிற கட்சியின் கூட்டத்தில் நாற்காலிகள் வட்டம் வட்டமாகத் திரும்பிக் கிடக்கும். ஜனங்கள் இழுத்துப் போட்டுப் பேசியிருப்பார்கள், வாதாடியிருப்பார்கள். தோற்கிற கட்சியின் கூட்டத்தில் நான் போட்ட வரிசை கலையாமல் அப்படியே இருக்கும். வந்தவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போயிருப்பான். டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் எத்தனையோ முறை தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். என் நாற்காலி தப்பாகச் சொன்னதில்லை. நீலகிரித் தொகுதி இந்தத் தடவை கை மாறும் என்று ஊட்டிக் கூட்டம் முடிந்த அன்றே சின்னச்சாமியிடம் சொல்லிவிட்டேன்.

இந்த லோடு கட்சி லோடு அல்ல. மஞ்சூருக்கு அந்தப்பக்கம் ஓர் எஸ்டேட்டிலிருந்து தனம் என்று ஒரு பெண்மணி போன் செய்திருந்தார்.

"நாப்பத்தொரு நாற்காலி வேணுங்கய்யா. நாளைக்கு ஒரு நாளுக்கு."

"கல்யாணமுங்களா?"

"இல்லைங்க."

"கருமாதிங்களா?"

"ஓட்டுக்குங்க," என்றார்.

ஒரு நாற்காலிக்கு எட்டு ரூபாய் என் வாடகை. மலைக்கு ஏற்றுவதால் பத்து. சரி என்றார். நாற்பத்தொன்றோடு ஒன்று சேர்த்து ஏற்றினேன். அது என் கடை வழக்கம். முன்னொரு காலத்தில் ஒரு மந்திரி என் நாற்காலியில் உட்கார்ந்து கால் ஒடிந்து விழுந்தார். ஒடிந்தது நாற்காலியின் கால்தான், பயப்பட வேண்டாம். அன்று முதல் எந்த லோடிலும் கேட்டதற்கு மேல் ஒன்று போகும். அதற்கு வாடகை கிடையாது. வாங்குகிறவர்களிடம் சொல்வதும் கிடையாது.

காரமடை தாண்டியதும் பறக்கும் படை மறித்தது. ஒருவர் வீடியோ எடுத்தார், ஒருவர் கேள்வி கேட்டார்.

"எந்தக் கட்சி நாற்காலிங்க?"

"எல்லாக் கட்சியும் உக்காந்த நாற்காலிங்க," என்றேன்.

வீடியோக்காரருக்குச் சிரிப்பு வந்து படம் ஆடிப்போயிருக்கும். விட்டுவிட்டார்கள்.

வெள்ளியங்காட்டில் டீ, பன்னிரண்டு ரூபாய். சுமார்தான். அதற்கு மேல் காட்டு வழி. குன்னூர் ரோட்டில் சீசன் நெரிசல் என்பதால் கெத்தை வழியாக ஏறினோம். நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். எதிரே ஒரு வண்டி கூட வரவில்லை. கெத்தையில் மின்வாரியத்துக் குடியிருப்புகளில் பாதி பூட்டிக் கிடந்தன. மலை உச்சியிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய இரும்புக் குழாய்களுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். காது கொடுத்துக் கேட்டால் உள்ளே தண்ணீர் போகும் உறுமல். ஆளில்லாத ஊரில் அந்தச் சத்தம் மட்டும் உயிரோடு இருந்தது.

"சீக்கிரம் ஏறுங்க மொதலாளி," என்றான் சின்னச்சாமி. அவன் யானைக்குப் பயப்பட்டான். நான் எதற்கும் பயப்படுவதில்லை. ஆனாலும் ஏறினேன்.

மஞ்சூருக்கு இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டோம். அங்கிருந்து எஸ்டேட் கேட் பதினான்கு கிலோமீட்டர். அதற்குள் பனி இறங்கிவிட்டது. மலைக்காரர்கள் மூடுபனியைப் பனி என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு அது சுவர். லைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும்.

கேட் திடீரென்று முளைத்தது. ஆளுயர இரும்புக் கதவு இரண்டு, நடுவில் தேங்காய் அளவுக்குப் பூட்டு. கம்பளியைப் போர்த்திய ஒரு வாட்ச்மேன் வெளியே வந்தார்.

"யாருங்க?"

"தேர்தல் வேலைங்க," என்றேன். அதட்டலாகத்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்கு எந்தக் கதவும் திறக்கும் என்பது என் அனுபவம்.

மறு பேச்சில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டார். "பாத்தியாடா?" என்று சின்னச்சாமியைப் பார்த்துச் சிரித்தேன்.

கேட்டிலிருந்து லயம் மூன்று கிலோமீட்டர். லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வழியெல்லாம் தேயிலையைக் கிள்ளுவாரில்லை. இடுப்பளவு இருக்க வேண்டிய செடி மரமாகி ரோட்டின் மேல் சாய்ந்திருந்தது. ஃபாக்டரி மூடி இரண்டு வருஷமாம். மூன்று லயங்களில் இரண்டு காலி. கதவுகளைக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டு ஜனங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் துணிக்கொடி இன்னும் கட்டியிருந்தது, கிளிப்புகளோடு.

மூன்றாவது லயத்தின் முன்னால் தனம் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தலைக்கு மேல் துண்டு. பெற்றவர்கள் இலங்கையில் கண்டிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியவர்களாம்.

"எங்கம்மா போடணும்?"

"பெரட்டுக் களத்துல போடுங்கய்யா. வரிசையா."

பெரட்டுக் களம் என்றால் காலையில் தொழிலாளிகள் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் மைதானம். அதன் ஓரத்தில் ஓடு வேய்ந்த ஒரு பழைய கட்டடம். ஒரு காலத்தில் கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம். புள்ளக்காம்பரா என்றார் தனம். அதுதான் வாக்குச்சாவடி. கதவுக்கு வெளியே நோட்டீஸ் ஒட்டி, அங்கிருந்து நூறு மீட்டர் தள்ளித் தரையில் வெள்ளைக் கோடும் போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப்பக்கம், சாவடியைப் பார்த்தபடி நாற்காலிகளைப் போட்டோம்.

நாற்பத்தொன்றும் போட்டாகிவிட்டது. சின்னச்சாமி வழக்கம்போல மிச்சம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுங்க?" என்றான்.

தனம் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பிறகு தானே போய் அதை வாங்கி, முன் வரிசையில் தன் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சேலைத் தலைப்பால் துடைத்தார். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வாடகையில்லாத நாற்காலிக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அங்கேயே காலியாக இருந்த ஒரு வீட்டில் தங்கினோம்.

மறுநாள் காலை ஏழு மணி. வாக்குப்பதிவு தொடங்கியது. லயத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சாவடிக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆண், பெண், கைத்தடி வைத்தவர்கள், தோளில் பிள்ளையைப் போட்டவர்கள். நாற்பத்தொரு பேர். தனத்துக்குப் பக்கத்து நாற்காலி காலி. யாரும் பேசவில்லை. பனி வந்து அவர்களை மூடும், விலகும், திரும்ப மூடும். விலகும்போதெல்லாம் அதே இடம், அதே இருப்பு. நான் எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன். பேசுகிறவன் இல்லாத கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பது மணிக்குச் சாவடி வாசலுக்கு வந்து ஒரு பெண் போனில் உரக்கச் சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது. "பூஜ்யங்க சார்."

குன்னூரிலிருந்து வந்திருந்த டீச்சர் அவர். சாவடிக்குத் தலைமை அதிகாரி. இரண்டு மணிக்கொரு தரம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று மேலே சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு ஒரு கட்சியின் ஜீப் வந்தது, பத்தரைக்கு இன்னொன்று. இரண்டு பேருமே என் வாடிக்கைக்காரர்கள். "அண்ணா, நீங்க எங்க இங்க?" என்று இருவரும் கேட்டார்கள். பிறகு தனத்திடம் போனார்கள்.

"அக்கா, இழுபறியா இருக்குதுக்கா. ஒவ்வொரு ஓட்டும் முக்கியம். எங்காளு ஜெயிச்சா முதல் வேலையே உங்க வேலைதான்."

"கேட்டு வழியாத்தானே வந்தீங்க தம்பி?" என்றார் தனம்.

"ஆமாங்க்கா."

"தொறந்து விட்டானா?"

"விட்டானுங்க்கா."

"சரி, போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். இன்னொருவருக்கும் இதே கேள்வி, இதே பதில். இரண்டு ஜீப்பும் திரும்பிப் போயின.

பதினொரு மணி. "பூஜ்யங்க சார்."

ஒரு மணி. "பூஜ்யந்தாங்க சார்." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மதியம் தனம் எனக்குப் பால் சேர்க்காத தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்டேன், "ஏம்மா, கேட்டு என்ன பண்ணுச்சு?"

அவர் மெதுவாகச் சொன்னார். கதறல் இல்லை, கண்ணீர் இல்லை. ஃபாக்டரி மூடினதிலிருந்து கேட்டுக்குப் பூட்டு. மரம் திருட்டுப் போகிறது என்று எஸ்டேட்காரர்கள் பூட்டினார்கள். லயத்துக்கு வேறு வண்டிப் பாதை கிடையாது. தை மாதம் ஒரு சாயங்காலம் அவருடைய வீட்டுக்காரர் மாரிமுத்துவுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வந்தது, கேட்டுக்கு வெளியே நின்றது. வாட்ச்மேன் சாவியோடு ஊருக்குப் போயிருந்தார். கம்பளியில் தொட்டில் கட்டி மூன்று கிலோமீட்டர் தூக்கி வந்தார்கள்.

"கேட்டுக்கிட்ட வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தாரு. கம்பிக்கு அந்தப்பக்கம் ஆம்புலன்ஸ் லைட்டு சுத்துறத நானும் பார்த்தேன், அவரும் பார்த்தாரு. இந்தப்பக்கமே போயிட்டாரு. ஓட்டு மிஷினு வரத் தொறக்குதுங்க. எங்க ஆளு போகத் தொறக்கலை. அந்தப் பூட்டு என் கைக்கு வரட்டும், எந்திரிக்கிறோம்."

நேற்று அதே கேட்டில் நான் போட்ட அதட்டல் நினைவுக்கு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு அவர் சொன்னார், "உங்களுக்கு எப்படிங்க தெரியும்? யார் சொன்னா?"

"என்னம்மா?"

"ஓட்டு இருந்தது நாப்பத்திரண்டு. அவரு போனதால நாப்பத்தொண்ணு கேட்டேன். நீங்க அவருக்கும் சேர்த்துக் கொண்டுவந்தீங்களே."

அது என் கடை வழக்கம், மந்திரி விழுந்த கதை, எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வாய் வரைக்கும் வந்த எதையும் நான் விழுங்கியதில்லை. அன்றைக்கு விழுங்கினேன். இந்த மலரில்தான் முதன்முதலாக வெளியே சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அந்தக் காலி நாற்காலியைச் சும்மா பார்க்க முடியவில்லை. என் குடோன் சரக்குத்தான். பின்னால் என் கடைப் பெயர் சிவப்புப் பெயிண்டில் இருக்கிறது. ஆனாலும் பனி விலகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் கண் தேடியது.

மூன்று மணி. "பூஜ்யங்க சார். இல்லீங்க சார், யாரும் சண்டை போடலீங்க. உக்காந்திருக்காங்க. எங்களையே பார்த்துட்டு உக்காந்திருக்காங்க சார்." டீச்சர் குரலில் அழுகை இருந்தது.

ஐந்து மணி பூஜ்யத்துக்குப் பிறகு தாசில்தார் வந்தார். வண்டியை விட்டு இறங்கினவர் கையில் பூட்டும் சாவியும் இருந்தன. எஸ்டேட் ஆபீஸில் பேசி முடித்துவிட்டதாகவும், இனிமேல் கேட் பூட்டப்படாது என்றும் சொன்னார்.

"எத்தனை நாளைக்குங்க?" என்றார் தனம்.

"இனி எப்பவுமேம்மா."

"ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்குமா, அதுக்கப்புறமுமா?"

தாசில்தார் அதற்கு ஆமாம் என்று பொய் சொல்லவில்லை. அந்த மனுஷன் நல்லவர் என்று அதில்தான் கண்டேன். பிறகு சொன்னார், "பூட்டு உங்க கையிலயே இருக்கட்டும். என்னால குடுக்க முடிஞ்சது அதுதாம்மா."

தனம் பூட்டை வாங்கினார். இரண்டு கையாலும் ஏந்தி அந்தக் காலி நாற்காலியின் மேல் வைத்தார். திரும்பி, "எந்திரிங்க," என்றார்.

நாற்பத்தொரு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். அந்தச் சத்தத்துக்குச் சின்னச்சாமி திடுக்கிட்டு என் கையைப் பிடித்தான்.

சாவடி வாசலில் வரிசை நின்றபோது ஆறடிக்கப் பத்து நிமிஷம். பனி மிகவும் கெட்டியாகிவிட்டது. முதல் ஆளாக நின்ற தனம் தெரிந்தார், அவர் பின்னால் நாலைந்து தலை, அப்புறம் வெள்ளை.

வாசகர்களில் பலருக்குத் தெரியாத ஒரு முறையைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் ஓட்டுப் போட உரிமை உண்டு. பிறகு வந்து யாரும் சேரக்கூடாது என்பதற்காக, தலைமை அதிகாரி வரிசையின் கடைசியிலிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார். கடைசி ஆளுக்கு ஒன்றாம் நம்பர். முதலில் நிற்கிறவருக்குத்தான் பெரிய நம்பர்.

டீச்சர் சீட்டுகளை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனார். வரிசை நெடுகக் கொடுத்துக்கொண்டே வந்து, தனம் கையில் கடைசிச் சீட்டை வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

டீச்சருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. தனம் சீட்டைப் பார்த்தார். அதோடு உள்ளே போனார்.

மிஷினின் பீப் சத்தம் அந்த மலையில் ஒவ்வொன்றாகக் கேட்டது. போட்டவர்கள் மை வைத்த விரலோடு வெளியே வந்து களத்தில் நின்றார்கள். இரண்டாம் நம்பர் சீட்டோடு ஒரு கிழவர் போட்டுவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் யாருமில்லை.

டீச்சர் வாசலுக்கு வந்தார். "ஒண்ணாம் நம்பர்?"

யாரும் வரவில்லை.

"ஒண்ணாம் நம்பர் யாருங்க? வாங்க, நேரமாச்சு."

நான் கிட்டப் போய்ச் சொன்னேன். "டீச்சர், எண்ணிக் குடுக்கையில ஒண்ணு தப்பியிருக்கும்ங்க. நாப்பத்தொரு பேர்தான்."

"நான் கணக்கு டீச்சருங்க," என்றார் கோபமாக. "முதல்ல குடுத்ததே அந்தச் சீட்டைத்தான். கம்பளி போர்த்தியிருந்தாரு. கையில வச்சேன். கை சில்லுனு இருந்துச்சு."

"இந்தப் பனியில யாரு கைங்க சூடா இருக்கும்?" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் அங்கே நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒருவர் மேலும் கம்பளி இல்லை.

தனம் களத்தில் நின்றபடியே சொன்னார், "அவரு எப்பவும் கடைசிலதான் வருவாரு. எல்லாரையும் முன்னால விட்டுட்டு."

டீச்சர் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டார். இந்த முறை குரல் மெதுவாக, மரியாதையாக இருந்தது. பிறகு உள்ளே போய் மிஷினை மூடினார். மேலதிகாரிகளுக்குப் போனில் சொன்ன கணக்கு நாற்பத்தொன்று.

நாற்காலிகளை அடுக்கினோம். நாற்பத்தொன்று ஏறியது. பூட்டு இருந்த நாற்காலியை எடுக்க நான் சின்னச்சாமியிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. திரும்பும்போது கேட் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் கேட்டுச் சாவி இல்லாத இடுப்போடு நின்று எங்களுக்கு வழிவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து ஓட்டு எண்ணினார்கள். நான் சொன்னபடியே தொகுதி கை மாறியது. வித்தியாசம் பெரிசு. அந்த நாற்பத்தொரு ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் ஒரு தூசியும் அசைந்திருக்காது. ஜெயித்தவர்களின் வெற்றிக் கூட்டத்துக்கும் என் நாற்காலிதான். கூட்டம் முடிந்த மறுநாள் ஊட்டியிலிருந்து மஞ்சூருக்கு வண்டியைத் திருப்பச் சின்னச்சாமியிடம் சொன்னேன். ஒரு நாற்காலி பாக்கியிருக்கிறதே, எடுத்துவரலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

மத்தியானத்திலேயே பனி. கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. ஒரு கதவு பின்னால் சாய்ந்து மூடாமல் இருந்தது. அதற்கு முட்டுக்கொடுத்து என் நாற்காலி நின்றது. கேட்டுக்கு உள்பக்கம், ரோட்டைப் பார்த்தபடி. பின்னால் சிவப்புப் பெயிண்டில் என் கடைப் பெயர்.

வாட்ச்மேன் வந்தார்.

"புதுசாப் பூட்டு குடுத்தனுப்பினாங்களா?" என்று கேட்டேன்.

"குடுத்தாங்க. எண்ணி முடிச்ச மறுநாளே குடுத்தாங்க." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பூட்டலாம்னு இதை எடுத்து உள்ளே ஷெட்டுல போட்டேனுங்க. காலையில பார்த்தா இங்கயே இருக்குது. ரெண்டு தடவை எடுத்தேன், ரெண்டு தடவையும் அப்படித்தான்."

"லயத்துக்காரங்க கொண்டுவந்து வச்சிருப்பாங்க."

"ஷெட்டுச் சாவி என் இடுப்புலதானுங்க இருக்குது," என்றார். "அப்புறம் நான் தொடுறதில்லை. எஸ்டேட்டுல கேட்டா, கேட்டு மூட மாட்டேங்குது, கீல் போயிருச்சுன்னு சொல்லிட்டேன்."

சின்னச்சாமி வண்டியை விட்டு இறங்கவேயில்லை. நான் நாற்காலிக்கிட்டப் போனேன். மழை பெய்து எல்லாம் நனைந்திருந்தது. அதன் கால்கள் ஈர மண்ணில் விரலளவு புதைந்திருந்தன. நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், சும்மா கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி மண்ணில் புதையாது. நல்ல கனமான ஆள் உட்கார்ந்தால்தான் புதையும்.

எங்கள் மேட்டுப்பாளையத்தில் என் குடோனுக்கும் ஒரு கேட் உண்டு. நாலாயிரம் நாற்காலிக்கும் கணக்கு வைத்து, என் கையாலேயே பூட்டிவிட்டுத்தான் தூங்கப் போவேன். வரிசை கலையாமல் உட்கார்ந்தவர்கள் ஜெயித்து நான் பார்த்தது அந்தப் பெரட்டுக் களத்தில் மட்டும்தான். என் வித்தைக்கு அது அடங்கவில்லை.

நாற்காலியைத் தொடாமல் திரும்பி வந்து வண்டியில் ஏறினேன்.

"எடுக்கலீங்களா மொதலாளி?" என்றான் சின்னச்சாமி.

"ஆள் இருக்காங்கடா," என்றேன். "வண்டியை எடு."